தப்பு மூட்டை

எனக்கு இது சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. இலங்கை ரோந்துப் படகு ஒரு தோணியைப் பிடித்தது மாசி மாதம் என்று நினைக்கிறேன். ஆனால் சேதி வந்த அன்று போடியில் நல்ல மழை என்றும் மனசில் பதிந்திருக்கிறது. மாசியில் அங்கே அப்படி மழை பெய்வதில்லை. ஆட்கள் பேசிய பேச்சைக்கூட நானே யோசித்து யோசித்துக் கொஞ்சம் மாற்றிவிட்டிருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடிவது வருஷம் மட்டும்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. அந்த வருஷம் ஜெனீவாவில் எண்பத்துச் சொச்சம் தேசத்து ஆட்கள் கூடி உட்கார்ந்து, கடல் யாருக்கு எவ்வளவு என்று பேசினார்கள். அதே வருஷம் போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி முகைதீன் பிச்சை ராவுத்தரின் மருமகன் ஹபீப் ரஹ்மான் கடலுக்கு அக்கரையில், இலங்கையில் அடைபட்டுக் கிடந்தான்.

ராவுத்தரின் ஒரே மகள் கமர்நிசா. மலையடிவாரத்துக்காரர்கள் கடற்கரையில் பெண் கொடுப்பது அன்றைக்கு வழக்கமில்லை. கடற்கரைத் தொண்டிப் பக்கத்திலிருந்து ஏலக்காய் வாங்க வந்த ஒருவர் மூலம் பேச்சு வந்தது. பையன் குணத்தைப் பார்த்து ராவுத்தர் சம்மதித்தார். மாப்பிள்ளைக்குச் சொந்தத் தோணி இருந்தது. அவன் தகப்பன் விட்டுப்போனது. அவனும் முங்குகிற ஆட்கள் நாலு பேருமாகக் கடலுக்குள் போய் அடியிலிருந்து சங்கு எடுத்து வருவார்கள். அதுதான் பிழைப்பு.

வந்த சேதி சுருக்கமாக இருந்தது. ரோந்துப் படகு தோணியைப் பிடித்து, ஐந்து பேரையும் இலங்கைக் கரைக்குக் கொண்டுபோய்விட்டது. அவர்கள் மேல் இரண்டு வழக்கு. அனுமதியில்லாமல் அந்த தேசத்துக் கடலுக்குள் வந்தது ஒன்று. அங்கே சங்குப் படுகையைக் குத்தகைக்கு எடுத்திருந்த மரைக்காயர் ஒருவரின் சங்கைத் திருடியது இன்னொன்று. திருட்டு உறுதியானால் வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டியதுதான் என்றார்கள்.

ராவுத்தர் போய் மகளை அழைத்து வந்துவிட்டார். அவர்கள் வீட்டின் முன்பகுதி கமிஷன் கடை, பின்பகுதி குடித்தனம். நடுவில் ஒரு கதவும் பச்சைத் திரையும். கமர்நிசா பகலெல்லாம் அந்தத் திரைக்குப் பின்னால் நின்றாள். தபால்காரரின் சைக்கிள் கடையைத் தாண்டிப் போனால் ஏன் நிற்கவில்லை என்று பயம். நின்றுவிட்டால் அதைவிடப் பயம். முங்கி முங்கி அவள் புருஷனுக்கு இடது காதில் சீழ் வடியும். வெந்நீரில் பஞ்சை நனைத்து அவள்தான் துடைத்துவிடுவாள். அந்தக் காதை இப்போது யார் பார்ப்பார்கள் என்ற ஒரே நினைப்பு, சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் வந்து உட்கார்ந்தது. அடிக்கிறார்களா, தரையில் படுக்கவைக்கிறார்களா என்பதெல்லாம் நினைக்கவே முடியாத பெரிய விஷயங்களாக இருந்தன. காது மட்டும் நினைக்க முடிகிற அளவில் இருந்தது.

வக்கீல் ராஜாராம் போடிக்காரர், தொழில் மதுரையில். அக்கரையில் ஒரு வக்கீலைப் பிடித்து ஏற்பாடு செய்து கொடுத்ததும் அவர்தான். ஒரு சனிக்கிழமை கடையில் வந்து உட்கார்ந்தார். கக்கத்தில் செய்தித்தாள்.

"ராவுத்தரே, நமக்குப் பிடி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. தோணி நின்ன எடம் அவங்க எல்லைக்குள்ள இல்லை, வெளிக்கடல். வெளிக்கடல்ல நிக்கிறவனைப் பிடிக்க யாருக்கும் அதிகாரம் கெடையாது."

"எல்லை எங்க தம்பி இருக்கு? கடல்ல கல்லா நட்டு வச்சிருக்கான்?"

"கல்லு இல்லைங்கிறதுதானே இம்புட்டு வழக்கும். முன்னால மூணு மைல்னு இருந்துச்சு. இப்ப நாம ஆறுங்கிறோம், அவங்களும் ஆறுங்கிறாங்க. ஒருத்தன் பன்னெண்டுங்கிறான். தென்னமெரிக்காப் பக்கம் மூணு தேசத்துக்காரன் அக்கம்பக்கமாப் பேசிக்கிட்டு எரநூறுன்னு சொல்லிட்டான். அதைத்தான் ஜெனீவாவுல பேசிக்கிட்டிருக்காங்க. உலகம் பூராவுக்கும் ஒரே கணக்கு வந்துட்டா, அதைக் காட்டி நாம வாதாடலாம். அதுவரைக்கும் வாய்தா வாங்கணும்."

"உலகமே கூடி என் மருமகனுக்குத் தீர்ப்பு எழுதப் போகுதாக்கும்" என்றார் ராவுத்தர். "எப்ப முடிப்பாக?"

"சித்திரைக்குள்ள முடிஞ்சிரும்னு போட்டிருக்கான்."

"முடியலேன்னா?"

ராஜாராம் செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு அவர் திரைப்பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, ஹபீப்பு எந்த எடத்துல முங்குவான்னு உங்கிட்ட எப்பவாச்சும் சொன்னதுண்டா?"

கமர்நிசாவுக்குத் தெரியும். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் இக்கரையில் கடல் கலங்கிச் சேறாகிவிடும். முங்கினால் தன் கையே தெரியாது. அப்போது அக்கரையில் தண்ணீர் தெளிந்திருக்கும். காற்று மாறினால் அங்கே கலங்கும், இங்கே தெளியும். அதனால் வாடைக் காலத்தில் இக்கரை ஆட்கள் அங்கே போவார்கள், காற்று மாறினதும் அக்கரை ஆட்கள் இங்கே வருவார்கள். யாரும் எழுதி வைத்ததில்லை. ஹபீப் ரஹ்மானின் தகப்பன் காலத்திலிருந்தே அப்படித்தான். தோணி பிடிபட்ட அன்று அவன் நின்றது எந்தக் கணக்கில் பார்த்தாலும் இலங்கைக் கடல்தான். மூன்று மைல் என்றாலும் உள்ளே, ஆறு என்றாலும் உள்ளே.

"தெரியாதுண்ணே" என்றாள்.

ராஜாராம் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைத் திரை இடுக்கில் பார்த்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

விசாரிக்க வருகிறவர்கள் தொல்லை தாங்க முடியாமல், அம்மா ஒருநாள் ராவுத்தரிடம் சொன்னாள்: "இவளை மலைக்குக் கூட்டிட்டுப் போங்க. இங்க கெடந்தா கேட்டுக் கேட்டே கொன்னுருவாக." குரங்கணிவரை வண்டி, அதற்கு மேல் நடை. ராவுத்தரின் ஏலக்காடு மலை உச்சியை ஒட்டி இருந்தது. காய் உலர்த்தும் கட்டடத்தை எல்லோரும் ஸ்டோர் என்பார்கள். அதன் ஓர் அறையில் கமர்நிசா தங்கினாள். கடைசிக் காயெடுப்பு நடந்துகொண்டிருந்தது. ஸ்டோரின் சூட்டில் ஏலக்காய் வாசம் மூக்கை அடைத்தது. அங்கே தபால்காரர் வரமாட்டார் என்பது முதலில் ஆறுதலாக இருந்தது. இரண்டாம் நாளே அதுவும் பயமாக மாறியது.

உச்சி மேட்டுக்கு இந்தப்பக்கம் ராவுத்தர் காடு, அந்தப்பக்கம் வர்க்கி என்ற மலையாளியின் காடு. அந்தப்பக்கம் எப்போதுமே வேறொரு ராஜ்ஜியம்தான்; ஐம்பத்தாறிலிருந்து அதற்குக் கேரளம் என்று பெயர். வேலி கிடையாது. விழுகிற மழை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்துக்காரனுடைய நிலம், அவ்வளவுதான். பனி இறங்கிவிட்டால் மேடு எது பள்ளம் எது என்று ஒன்றும் தெரியாது.

அன்றைக்கும் பனி இறங்கியிருந்தது. காயெடுக்கும் பெண்களுக்குத் தலைவியாக இருந்த சுருளியம்மாள் கூடைகளோடு வந்து ஸ்டோர் வாசலில் நின்றாள்.

"மொதலாளி, மோசம் போயிட்டோம். பனியில மேடு தெரியலை. வர்க்கி காட்டுல எறங்கி எடுத்துப்புட்டோம்."

"எடுக்கையில தெரியலையா ஒனக்கு?"

"காயில பேரா எழுதியிருக்கு? பாதி எடுத்தப்பெறகுதான் அவுக நாயி கொலைச்சுச்சு. நாயிக்கு மலையாளம்தான வரும், அதான் தெரிஞ்சுச்சு."

பெண்கள் சிரித்தார்கள். ராவுத்தரும் சிரித்துவிட்டார். திட்டவில்லை. உலர்ந்த காயில் நல்லதாக ஒரு மூட்டை கட்டச் சொல்லி, மட்டக்குதிரை மேல் ஏற்றி, தானே அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். "நீயும் வாத்தா, கால் வீசி நடந்தாத்தான் மனசு லேசாகும்" என்றார் மகளிடம்.

அந்த மலையில் அது ஒரு முறை. ஆட்கள் தவறி அடுத்தவன் காட்டில் காயெடுத்துவிட்டால், எடுத்த காயைத் திருப்பித் தந்தால் போதாது. எடுத்த ஆட்களின் முதலாளியே ஒரு மூட்டையோடு நேரில் போய், தப்பு தன்னுடையது என்று வாயால் சொல்ல வேண்டும். மேடு எங்கே இருக்கிறது என்று வாதாடக் கூடாது. வாதாடுகிறவன்தான் திருடன் என்று எடுத்துக்கொள்வார்கள். தப்பு மூட்டை என்று அதற்குப் பெயர். புதிதாகக் காடு வாங்கிய ஒருவர் சர்வேக்காரனைக் கூட்டிவந்து சங்கிலி போட்டு அளந்தார். அதற்குப் பிறகு இரண்டு பக்கத்திலும் அவர் காட்டுக்குக் காயெடுக்க ஆள் வரவில்லை.

"எந்தா ராவுத்தரே, பின்னேயும் வழி தப்பிப்போயோ?" வர்க்கி தன் ஸ்டோர் வாசலில் நின்று சிரித்தார். "கண்ணாடி மாத்தணும் கேட்டோ."

"தப்பு எங்களுது. மூட்டையை எறக்கிக்கிருங்க."

வர்க்கி மூட்டையைப் பிரித்தார். முறைப்படி பாதியை வேறொரு சாக்கில் கொட்டி வைத்துக்கொண்டு, மீதியைக் கட்டிக் குதிரை மேல் ஏற்றினார். உள்ளேயிருந்து கட்டன் காப்பி வந்தது. எந்த இடத்தில் எவ்வளவு எடுத்தார்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

திரும்பும்போது, மேட்டில் புதிதாகப் போட்டிருந்த சோதனைச்சாவடியின் காவலர் குதிரையை நிறுத்தினார். ஒரு ராஜ்ஜியத்திலிருந்து இன்னொரு ராஜ்ஜியத்துக்குக் காய் போகிறது, சீட்டு எங்கே என்றார். ராவுத்தர் நடந்ததைச் சொன்னார். காவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, சீட்டு?" என்றார். சேதி போய், வர்க்கியே மேலேறி வந்து சொன்ன பிறகுதான் விட்டார். ராவுத்தர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். கமர்நிசா திரும்பிப் பார்த்தாள். காவலர் அங்கேயே நின்று அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபமில்லை. கோபம் இருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

பாதி வழியில் ராவுத்தர் நின்றார்.

"மரைக்காயரும் நம்மளை மாதிரி ஒரு மனுசன்தானே?"

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "அத்தா, வக்கீலண்ணங்கிட்ட ஒரு வார்த்தை..."

"வக்கீல் சண்டை போடத்தான் சொல்லுவாரு. அவரு சோலி அது. மாப்ள அங்க போயித் திருடலை, தவறிப் போயிட்டாரு. தவறிப் போனவன் ஒத்துக்கிட்டா, பெரிய மனுசன் எவனும் விட்டுருவான். எல்லை இங்கயா அங்கயான்னு வாதாடப் போயித்தான் காரியம் கெட்டுக் கெடக்கு."

வக்கீலைக் கேட்டால், எந்த இடம் என்ற கேள்வி திரும்ப வரும். கமர்நிசா வாயை மூடிக்கொண்டாள். தகப்பன் சொல்வதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. எது என்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

கடைக் கணக்குப்பிள்ளை கன்னையன், ஏலக்காய் சாம்பிள் காட்டக் கொழும்புக்குப் போய்வருகிறவர்; அவரிடம் பாஸ்போர்ட்டும் விசாவும் இருந்தன. நயம் காயில் ஒரு மூட்டை கட்டி அவரிடம் கொடுத்தார் ராவுத்தர். தனுஷ்கோடியில் கப்பலேறி, மரைக்காயரை நேரில் கண்டு என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் பண்ணவைத்தார். "எங்க மருமகன் எல்லை தாண்டி வந்தது தப்புத்தான், மன்னிச்சிருங்க. இதை மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் பேசாதே."

ரமலான் பிறந்தது. நோன்பு கமர்நிசாவுக்கு ஒருவிதத்தில் வசதியாக இருந்தது. ஏன் சாப்பிடவில்லை என்று பகலில் யாரும் கேட்கவில்லை. கன்னையன் பங்குனி முடியும் முன்பே திரும்பி வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வரும்போதே முகம் சிரித்தது.

"மொதலாளி, காரியம் பழம்! மூட்டையைப் பாத்ததும் மனுசன் கண்ணு கலங்கிட்டாரு. 'மலைக்காரங்களுக்கு இம்புட்டு மரியாதை தெரியுமா'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. மறுநாளே போயித் திருட்டு வழக்கு வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டாரு. பாதிக் காயை நம்மளுக்கே திருப்பிக் கொடுத்துட்டாருன்னா பாத்துக்கிருங்களேன்! நான் முறையைச் சொல்லவே இல்லை, அவராக் கொடுத்தாரு."

அம்மா அழுதாள். ராவுத்தர் நிமிர்ந்து உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டார். கமர்நிசா அன்று நோன்பு திறக்கும்போது இரண்டு வாய் கஞ்சி கூடக் குடித்தாள். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் வீட்டில் அந்தச் சந்தோஷம் இருந்தது.

ராஜாராம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரைக் கேட்டு மூட்டை அனுப்பினீங்க?"

"ஏன் தம்பி, திருட்டு வழக்கு போயிருச்சுல்ல?"

"போயிருச்சு. சங்கு மரைக்காயரோடது, அவரு மன்னிச்சுட்டாரு. கடல் அவரோடதா? எல்லை தாண்டுன வழக்கு சர்க்காரோடது. அவங்களுக்கு யாரு மூட்டை குடுப்பா?" ராஜாராம் குரலை உயர்த்தினார். "எல்லைக்குள்ளயே வரலைன்னு அங்க நம்ம வக்கீல் தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்காரு. தாண்டி வந்தது தப்புன்னு நீங்க ஆள் விட்டுச் சொல்லியிருக்கீங்க. மரைக்காயரைச் சாட்சிக்குக் கூப்பிட்டாச்சு. குடும்பமே ஒத்துக்கிருச்சுன்னு அவரு வாயாலேயே சொல்ல வைக்கப் போறாங்க."

ராவுத்தருக்கு முகம் வெளுத்துவிட்டது. "மலையில நாங்க..."

"மலையில வர்க்கி இருக்காரு. நாளைக்கு அவரு வித்துட்டுப் போயி, உங்க மொகமே தெரியாதவன் ஒருத்தன் அந்தக் காட்டை வாங்கினா? அப்ப உங்க மூட்டைக்கு என்ன மதிப்பு? ஆளு மாறினாலும் மாறாம நிக்கத்தான் ஊருக்கெல்லாம் பொதுவா ஒரு சட்டம் வேணும்ங்கிறது."

"அந்தச் சட்டத்தை எழுதுறவனுக்கு எங்க பனி தெரியுமா? அந்தக் கடல்ல எப்ப என்ன காத்து அடிக்கும்னு தெரியுமா?"

"தெரியாதுதான்" என்றார் ராஜாராம். கோபம் வடிந்து உட்கார்ந்தார். "ரெண்டு பேரு சொல்றதும் சரின்னா, நடுவுல கெடக்குறவன் ஹபீப்புதான்."

தராசுத் தட்டு காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கன்னையன் அதைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

பிறகு ராஜாராம் இரண்டு வழி சொன்னார். கன்னையன் தானாகப் போய்த் தானாகப் பேசினான், குடும்பத்துக்குச் சம்பந்தமில்லை என்று ராவுத்தர் வாக்குமூலம் கொடுப்பது ஒரு வழி. வெளிக்கடல் வாதத்தை விடாமல் மேல்கோர்ட்டுவரை போகலாம். ஜெயித்தால் ஆளும் வரும், தோணியும் வரும். ஆனால் மரைக்காயர் பொய்யராகிவிடுவார், கோபத்தில் திருட்டு வழக்கை மறுபடியும் கொடுப்பார். வருஷம் ஒன்றாகலாம், மூன்றாகலாம். ஆட்கள் அதுவரை உள்ளே. இன்னொரு வழி, ஒத்துக்கொள்வது. தோணி பறிமுதலாகும், ஆட்கள் சில மாதத்தில் வந்துவிடுவார்கள்.

"ஒத்துக்கிட்டா இன்னொண்ணும் இருக்கு" என்றார் அவர். "அந்த எடம் அவங்க கடல்தான்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிரும். நாளப்பின்ன அங்க முங்கப் போறவன் ஒவ்வொருத்தனுக்கும் இதைத்தான் எடுத்துக் காட்டுவாங்க."

ராவுத்தர் திரையைப் பார்த்தார். "நான் ஒருதடவை பேசிக் கெடுத்தது போதும். வாழ்க்கை அவளோடது. அவளே சொல்லட்டும்."

பெருநாள் வந்து போனது. புதுத்துணியை அம்மா பெட்டியிலேயே வைத்துவிட்டாள். அதற்கு மறுநாள், முங்குகிற ஆட்களில் ஒருவனான சுடலையின் மனைவி அன்னக்கொடி போடிக்கு வந்து சேர்ந்தாள். தலையில் ஒரு துணிமூட்டை, காலெல்லாம் புழுதி.

"போடி போடின்னாக, எங்கிட்டு இருக்குன்னே தெரியாம பஸ்சு பஸ்சா மாறி வர்றேன்க்கா. இம்புட்டு ஒசரத்துலயா ஒங்காளுக ஏறுறாக? எனக்குப் பாக்கவே தலை சுத்துது. இதுக்கு முங்குறதே தேவலை."

கமர்நிசாவுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு, வந்ததுமே அழுகையாகிவிட்டது. அன்னக்கொடி அவள் முதுகைத் தடவினாள். சோறு போட்டு, தின்று முடித்த பிறகு, இரண்டு வழியையும் கமர்நிசா அவளுக்குச் சொன்னாள்.

அன்னக்கொடி கைகழுவிய ஈரத்தைச் சேலையில் துடைத்தாள். "தோணி வருமான்னு நீங்க பாக்கணும்க்கா, அது ஒங்க சொத்து. எனக்கு ஆளு வரணும். நாளைக்கே வரணும்." நிறுத்தினாள். தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். "ஆனா இனிமே அந்தப் பக்கமே போகப்புடாதுன்னு ஆயிருச்சுன்னா, வாடைக்காலம் பூரா எங்க பிள்ளைக எதைத் திங்கும்?"

"அதான் எனக்கும் தெரியலை, அன்னக்கொடி."

"ஒங்களுக்கே தெரியலைன்னா நான் எங்க போயிக் கேக்குறது?" என்றாள் அவள். அதில் குத்தல் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

வழக்கு நாளுக்கு முந்தின வாரம் ராஜாராம் வந்தார். செய்தித்தாளை மேஜையில் விரித்து வைத்தார்.

"ஜெனீவா முடிஞ்சுபோச்சு. கப்பல் போறது வர்றது, மீன்வளம், கடலடி நெலம்னு எல்லாத்துக்கும் ஒப்பந்தம் எழுதிட்டாங்க. எத்தனை மைல்ங்கிறது மட்டும் முடியலை. இன்னொரு தடவை கூடணும்னு பேசிக்கிட்டுக் கலைஞ்சுட்டாங்க."

அவருக்கு வைத்த தேநீர் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. கமர்நிசா திரையை விலக்கிக்கொண்டு கடைக்குள் வந்தாள். வெளியாட்கள் முன்னால் அவள் அப்படி வந்து நின்றதில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அவுக எல்லைக்கு உள்ளதான் போனாக."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். காற்றைப் பற்றி, கலங்குகிற தண்ணீரைப் பற்றி, இரு கரையாட்களும் மாறி மாறிப் போய்வருவதைப் பற்றி அவள் சொன்னாள். ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் ராஜாராம் கடைசியில்.

"சொன்னா ஒங்க பிடி போயிருமேன்னு பயந்தேன்."

"இப்பவும் போகலை. எங்க நின்னாங்கன்னு அவங்கதான் நிரூபிக்கணும்."

"வேண்டாம்ணே. ஒத்துக்கிறட்டும். மரைக்காயரைப் பொய்யராக்க வேண்டாம். ஆனா அவரு சாட்சிக்கு வர்றாருல்ல, அவரை ஒண்ணு மட்டும் நம்ம வக்கீலைக் கேக்கச் சொல்லுங்க. காத்து மாறினா அவரு ஆளுகளும் இங்கிட்டு வந்து முங்குறது உண்டா இல்லையான்னு. உண்டுன்னு அவரு சொல்லிட்டா, அது கோர்ட்டுல ஏறிரும்ல?"

ராஜாராம் யோசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"ஏறும்" என்றார். "தீர்ப்பு மாறாது. எல்லைன்னா எல்லைதான்னு சொல்லிருவாங்க. ஆனா நாளைக்கு ரெண்டு சர்க்காரும் ஒக்காந்து பேசினா, இப்படி ஒரு வழக்கம் இருந்துச்சுன்னு காட்ட எழுத்துல ஒண்ணு இருக்கும். பேசுவாங்களான்னு தெரியாது."

"அதுக்காச்சும் இருக்கட்டும்."

"தோணி போயிரும் தங்கச்சி. ஹபீப்பைக் கேக்காம நீ முடிவு பண்ற."

"தெரியும்ணே."

அவர் எழுந்து அக்கரை வக்கீலுக்குத் தந்தி கொடுக்கப் போனார். கமர்நிசா திரைக்குப் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தான் செய்தது சரியா என்று கேட்க அவளுக்கு ஆள் இல்லை. அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மரைக்காயர் சாட்சிக்கூண்டில் இரண்டையும் சொன்னார். குடும்பம் ஒத்துக்கொண்டது என்றும் சொன்னார். தன் ஆட்களும் காற்று மாறினால் மறுகரைக்குப் போவது உண்டு, தன் தகப்பன் காலத்திலிருந்தே உண்டு என்றும் சொன்னார். நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். தோணியைப் பறிமுதல் செய்து, ஆட்களுக்கு இன்னும் ஒரு மாதம் தண்டனை கொடுத்தார். அந்த மாதம் முடிகிற நேரத்தில் இலங்கையில் கலவரம் வெடித்தது. ஆட்களை அனுப்புவது நின்றுபோனது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே சில வாரம் தெரியவில்லை. அந்த வாரங்களைப் பற்றிக் கமர்நிசா பிற்காலத்தில் யாரிடமும் பேசியதில்லை.

ஆனி மாதம் ஐந்து பேரும் வந்து சேர்ந்தார்கள். ஹபீப் ரஹ்மானுக்கு இடது காது முழுக்க அடைத்துவிட்டது. தோணியை யாரைக் கேட்டு விட்டாய் என்று ஒருமுறை கேட்டான். அவள் காரணம் சொன்னாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. இரண்டு வருஷம் பிறர் தோணியில் போனான். பிறகு போடிக்கு வந்து மாமனாரின் கடையில் உட்கார்ந்தான். சுடலை அக்கரைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டு உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தான். வாடை மாதங்களில் அன்னக்கொடியும் கூடப் போனாள். ஜெனீவாவில் மறுபடி ஒருமுறை கூடினார்கள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அந்தத் தடவையும் மைல் கணக்கு முடியாமல் போயிற்று. ராஜாராம் மதுரையிலேயே தொழில் செய்தார். அந்தச் சாட்சியத்தின் நகலை யாரும் அவரிடம் கேட்டு வரவில்லை. வர்க்கி காட்டை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டுப் பாலா என்ற ஊருக்குப் போனார். முகைதீன் பிச்சை ராவுத்தர் அறுபத்திரண்டாம் வருஷம் இறந்தார். கன்னையன் கடைசிவரை அதே கடையில் கணக்கு எழுதினார். கமர்நிசாவுக்கு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. இருவரையும் போடியிலேயே கட்டிக்கொடுத்தாள்.